இடுப்புக்கு வர வேண்டிய பந்து

ஊரில் கிரிக்கெட் லீக் நடக்கிறதா இல்லையா என்று எப்சிபாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தென்காசியில் அவள் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்கேன் சென்டரின் வாசல் பெஞ்சைத் திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். வீங்கிய விரல்களும், துண்டில் கட்டித் தொங்கவிட்ட கைகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எப்படி அடிபட்டது என்று கேட்டால் ஒருத்தன்கூட உண்மையைச் சொல்ல மாட்டான். பைக்கில் இருந்து விழுந்தேன் என்பான். ஆனால் அவன் நெஞ்சுக் கூட்டின் மேல் கார்க் பந்தின் வட்டம் செக்கச் செவேலென்று பதிந்து கிடக்கும்.

இந்த விளையாட்டின் மேல் அவளுக்கு இருந்த எரிச்சல் சாதாரண எரிச்சல் இல்லை. வாழ்க்கையில் அவளுக்கென்று மிச்சமிருந்த இரண்டு ஆண்களும் அதே மைதானத்தில் எதிரெதிராக நின்றார்கள் என்பதுதான் அதற்குக் காரணம். ஒருவன் தம்பி ஜெஸ்வின். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பாவாடை சட்டை போடும் வயதிலேயே அவனுக்குத் தாயாகிவிட்டவள் எப்சிபா. தன் படிப்பைப் பாதியில் ஒத்திவைத்து அவனைப் படிக்க வைத்தாள். அவன் படித்ததை விட்டுவிட்டு வேகப்பந்து போட்டான். பகலில் செங்கோட்டை சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமையானால் அச்சன்புதூர் அணி. மற்றவன் கணவன் நல்லதம்பி. டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர். குற்றாலம் அணிக்கு முதலில் மட்டை பிடிக்க இறங்குகிறவன். கடைக்காரர்களும் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களும் ஆளுக்கு ஓர் அணியை எடுத்து, மண்டபத்தில் ஏலம் போட்டு ஆட்டக்காரர்களைப் பிடிக்கிற லீக் அது. மச்சினனும் அத்தானும் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேறு வேறு நிறச் சட்டையில் புறப்படுவார்கள்.

இதெல்லாம் போகட்டும் என்று அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெஸ்வினுக்கு நல்லதம்பியின் தங்கை ஷாரோனைப் பேசி முடித்திருந்தார்கள். மாமியார் ஞானபாக்கியத்தைச் சம்மதிக்க வைக்க எப்சிபா பட்ட பாடு கொஞ்சமல்ல. லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கா என் மகள் என்று ஆரம்பித்த அம்மாள், அவ்வளவு லேசில் இறங்கி வந்துவிடவில்லை. எப்சிபா கோபித்தாள், கெஞ்சினாள், ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து அழவும் செய்தாள். கடைசியில் சரி என்ற வார்த்தை வந்தது. சபையில் ஓலை வாசிப்பதற்கும் சொல்லியாயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மாப்பிள்ளை பெண் பெயரைப் படித்து, இதற்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்றாவது தடவையும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கல்யாணம் உறுதி.

அந்த முதல் ஓலை ஞாயிறும் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டிய லீக் அது. நடுவில் இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தில் அடிதடியாகிவிட்டது. அச்சன்புதூர்ப் பையன் ஒருவன் சிக்ஸர் அடித்துவிட்டு மட்டையைத் தோளில் சாத்தி, குற்றாலம் அணியினர் முன்னால் இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டான். அடுத்த பந்து அவன் விலாவுக்கு வந்தது. தவறிப் போட்டது இல்லை என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் மொத்தக் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கியது. அங்கே லெக் அம்பயராக நிற்பது மட்டை பிடிக்கிற அணியின் ஆள்தான். எப்போதும் அப்படித்தான் வழக்கம். அன்றைக்கு அந்த அம்பயரே தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் அடியை ஆரம்பித்து வைத்தார். கமிட்டிக்காரர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கி ஒளித்து வைத்த பிறகுதான் ஆட்டம் கலைந்தது. இறுதி ஆட்டத்துக்கும் இதே இரண்டு அணிகள்தான் வந்து சேர்ந்தன. கமிட்டி அதை ஜூனுக்குத் தள்ளி வைத்தது. அந்த வருடம் சாரலும் சீக்கிரமே இறங்கிவிட்டது.

ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் எப்சிபா நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அத்தானும் மச்சினனும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசினார்கள். விலாவில் வாங்கியதற்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அச்சன்புதூர் அணியை எடுத்திருக்கும் துல்கர்னைன் பாய் சொல்லிவிட்டாராம். கொடுக்க வேண்டியவன் ஜெஸ்வின். வாங்க வேண்டியவன் குற்றாலம் அணியின் கேப்டன் கைலாசம்.

“கைலாசத்த அடிக்காத மாப்ள” என்றான் நல்லதம்பி. “அவன் கோவக்காரன். நாளைக்குக் கிரவுண்டுல ரத்தம் ஓடிரும். உன் கைய ஒடிக்காம விடமாட்டானுவ.”

“அடிக்கலன்னா, அத்தான் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு பயந்துட்டான்னு எங்க ஆளுவ சொல்லுவாங்க. நான் என்ன செய்ய?”

“என்னைய அடி.”

எப்சிபாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

நல்லதம்பி பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது பேஸ்பால் ஆடியவன். அந்த ஆட்டத்தை ஆட நம் ஊரில் யாரும் இல்லாததால் கிரிக்கெட்டுக்கு வந்தான். ஆனால் மனம் அங்கேயே நின்றுவிட்டது. சாப்பிடும்போதும் செல்போனில் அமெரிக்க பேஸ்பால் சண்டைகளைத்தான் பார்ப்பான். பந்து போடுகிறவன் முதுகில் அடிப்பதும், மட்டைக்காரன் அவனை நோக்கி ஓடுவதும், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கூட்டமாக இறங்குவதும் அவனுக்குப் பாடமாகவே இருந்தது.

“அங்க அதுக்குன்னு ஒரு முறை இருக்கு மாப்ள” என்று விளக்கினான். “எந்தப் புத்தகத்துலயும் எழுதியிருக்காது. ஆனா எல்லாவனுக்கும் தெரியும். நம்ம ஆள அவன் அடிச்சா, அவன் ஆள் ஒருத்தனுக்கு இடுப்புல ஒண்ணு விழும். விழுந்தவன் தடவிக்கூடக் குடுக்க மாட்டான். மட்டையக் கீழ போட்டுட்டு முதல் பேஸுக்கு நடந்து போயிருவான். அதோட தீந்துது. தலைக்கு மட்டும் போடப்புடாது. நாளைக்கு நீ மொத ஓவர்ல என் இடுப்புக்குப் போடு. நான் தேய்க்காம ஒரு லெக் பை ஓடிருதேன். போட்டவன் மச்சினன், வாங்குனவன் அத்தான். எவன் வந்து சண்டை போடுவான்?”

ஜெஸ்வின் யோசித்தான். முகம் தெளிந்தது. எப்சிபா அடுப்பை விட்டுத் திரும்பினாள்.

“அடிக்காம இருக்கதுன்னு ஒண்ணு இருக்கு” என்றாள். “அது உங்க ரெண்டு பேருக்கும் தோணவே தோணாதா?”

இருவரும் சிரித்தார்கள். அவள் சொன்னது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நாளைக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள், சட்டென்று ஏதாவது ஆகிவிட்டால் மாமிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டாள். அதற்காகத்தானே எப்சி இந்த ஏற்பாடே என்று நல்லதம்பி அவளையே சமாதானப்படுத்தினான். நெத்திலி கருகிப் போனதற்கு மட்டும் இரண்டு பேரும் அவளைக் குறை சொன்னார்கள்.

மறுநாள் ஆராதனையில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. ஷாரோன் வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லை. ஞானபாக்கியம் அம்மாள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நிறைவோடு எப்சிபா ஞாயிறு டியூட்டிக்குப் போனாள்.

இலஞ்சிப் பக்கத்து மைதானத்தில் நடந்ததை அவள் பிறகு வேறு வேறு வாய்களால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மலையிலிருந்து சாரல் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. நனைவதும் தெரியாது, நின்றால் சட்டை பிழியலாம், அப்படிப்பட்ட சாரல். வேறு ஊராக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். சாரலுக்கு ஆட்டத்தை நிறுத்துவதாக இருந்தால் ஆவணி வரை இந்த ஊரில் எதையுமே நடத்த முடியாது. ஜெஸ்வின் பந்தை இடுப்புத் துண்டில் துடைத்தான், மறுபடி துடைத்தான். ஓடிவந்து இடுப்பைப் பார்த்துத்தான் போட்டான். நனைந்த கார்க் பந்து விரலிலிருந்து வழுக்கி மேலே ஏறியது. பந்து வரும் என்று தெரிந்து, அதை வாங்குவதற்கென்றே நிமிர்ந்து நின்ற நல்லதம்பி குனியவும் இல்லை, விலகவும் இல்லை. ஹெல்மெட் போட்டால் பயந்தவன் என்று நினைக்கிற ஊர். தாடையில் விழுந்த சத்தம் பஜ்ஜிக்கடை வரை கேட்டதாம்.

எப்சிபாவுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த ஆளை அனுப்பு என்று கதவைத் திறந்தவள் எதிரில், ரத்தம் ஊறிய துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நல்லதம்பி நின்றான்.

அவனைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய், தலையைத் திருப்பி வைத்து, எல்லோரிடமும் சொல்லுவதைப்போல அசையாதீங்க என்றாள். அவன் கண்களிலிருந்து நீர் வழிந்து அவள் கையில் விழுந்தது. திரையில் படம் வந்தது. தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட அந்த வாயின் எலும்பு இரண்டாகப் பிளந்து கிடப்பதை அவள் பார்த்தாள்.

அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், அதே பெஞ்சில் ஜெஸ்வின் உட்கார்ந்திருந்தான். கைலாசம் ஸ்டம்பைப் பிடுங்கி அவன் தோளில் அடித்திருந்தான். எலும்பு முறியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வழுக்கிட்டுக்கா” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். “அத்தான் ஏன்க்கா குனியல?”

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று அவளுக்கு வந்தது. அடிபட்ட தோளைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஜெஸ்வின் அச்சன்புதூருக்குச் சிங்கமாகிவிட்டான். தலைக்கு வாங்கியவனைப் படமாக்கி, பழிக்குப் பழி என்று எழுதி, துல்கர்னைன் பாய் ஸ்டேட்டஸ் போட்டார். தாங்கள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டான் என்று ஆட்டக்காரர்கள் அவன் வீட்டுக்கு மாலையோடு வந்தார்கள். அவன் கதவைத் திறக்கவில்லை. அதையும் அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மறுபக்கம் வேறு மாதிரி எரிந்தது. நல்லதம்பிக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாது, மெல்ல முடியாது, குழாய் வைத்து உறிஞ்சத்தான் முடியும். பார்க்க வந்த கைலாசம், கட்டிலின் தலைமாட்டிலேயே நின்று, ஜெஸ்வின் கையை ஒடிப்பதாகச் சபதம் போட்டான். ஞானபாக்கியம் அம்மாளோ அழுது முடித்து, அழுகைக்குப் பிறகு வரும் அந்த அமைதிக்குப் போயிருந்தாள். பெண் எடுக்கப் போகிற வீட்டிலேயே பிள்ளையின் தாடையைப் பிளந்தவனுக்கு மகளைக் கொடுக்க மாட்டேன், அடுத்த ஓலையில் எழுந்து தடை சொல்லுவேன் என்றாள். ஷாரோன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அழக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. யாருக்காக அழுகிறாள் என்று கேட்பார்களே.

எப்சிபா முதலில் தம்பியிடம்தான் போனாள். நடந்ததைச் சொல்லு என்றாள். அவன் மறுத்துவிட்டான். அத்தான் சொல்லட்டும், நான் சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பொய்யாக இருக்கும், அதோடு இரண்டு பேரும் கூடிப் பேசி ஆடினோம் என்று தெரிந்தால் பிறகு எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது என்றான். கல்யாணம் நின்றுபோனாலும் பரவாயில்லையா என்றதற்கு, லோடு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

பிறகு கணவனிடம் வந்தாள். பால் வேண்டும், தலையணை வேண்டும் என்று செல்போனில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவன், இதைக் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்தான். எதிர் அணிக்காரனிடம் அடி கேட்டு வாங்கியவன் என்று கைலாசத்துக்குத் தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பது அவன் பயம். அதை அவன் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. ஒருத்தனுக்கு வாய் இருந்தும் பேச மனசில்லை. ஒருத்தனுக்கு வாயில் கம்பி. இந்த இரண்டு மானஸ்தர்களுக்கும் நடுவில், வாழப் போகிற ஒரு பெண்பிள்ளை சுவரோடு நிற்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்ட நல்லதம்பியின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நாளைக்கு இரண்டாவது ஓலை. கைலாசம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து உட்கார்ந்து, கடிக்க முடியாதவனுக்குப் பழம் வாங்கி வந்ததை மறந்துவிட்டு, தானே உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

“அவன் கை இருந்தாத்தானே அம்மா மோதிரம் போடுவான்” என்று ஞானபாக்கியத்திடம் சொன்னான். “நீங்க சபையில பாத்துக்கிடுங்க. வெளிய நாங்க பாத்துக்கிடுதோம்.”

ஞானபாக்கியம் அம்மாள் சரி என்பதுபோல் தலையை அசைத்தாள்.

எப்சிபா கையிலிருந்த பால் டம்ளரை மேசையில் வைத்தாள். நல்லதம்பியின் முன்னால் போய் நின்றாள்.

“இங்க பாருங்க. எத்தன வருஷமா மட்ட புடிக்கீங்க. தலைக்கு வந்த பந்துக்குக் குனியத் தெரியாதா உங்களுக்கு? அன்னைக்கு ஏன் நின்னீங்க?”

அவன் முகத்தைத் திருப்பினான்.

கைலாசம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

“இடுப்புக்குப் போடுன்னு சொன்னது யாரு? என் அடுப்படிக்குப் பக்கத்துல உக்காந்து, அமெரிக்காக்காரன் கதை சொல்லி, என்னைய அடின்னு அவங்கிட்ட கேட்டது யாரு? பேச வேண்டாம். தலைய ஆட்டுங்க போதும்.”

நல்லதம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

“தம்பியக் காப்பாத்தப் பொண்டாட்டி கட்டுத கதை” என்றான் கைலாசம்.

அது உண்மையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. இவன் கண்ணைத் திறக்காவிட்டால் ஊர் அதைத்தான் நம்பும். அவள் குரல் தாழ்ந்தது.

“மாமி நாளைக்குத் தடை சொல்ல எந்திச்சா, நானும் எந்திப்பேன். போதகர் முன்னால, மொத்த சபை முன்னால, நீங்க கேட்டு வாங்குன அடின்னு சொல்லுவேன். நம்பாம சிரிப்பாங்க. சிரிக்கட்டும். உங்களுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டே நான் சிரிப்புக்கு ஆளாவேன். அத நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா?”

சுவரோரத்திலிருந்து ஒரு விம்மல் வந்தது. ஷாரோன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் பெண். அழுதாள், அவ்வளவுதான்.

நல்லதம்பி கண்ணைத் திறந்தான். முதலில் தங்கையைப் பார்த்தான், பிறகு மனைவியை. கம்பி கட்டிய தாடையோடு, வலிக்க வலிக்க, தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஒரு தடவை போதாது என்று நினைத்தானோ என்னவோ, கையை எடுத்துத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டான். நான்தான் கேட்டேன்.

கைலாசம் எழுந்தான். ஆரஞ்சுத் தோலை மேசையிலேயே விட்டான். அடி வாங்கியவனுக்காக ஸ்டம்பை எடுத்தவன் அவன். யாருக்காக எடுத்தோம் என்ற அவமானத்தில் அவன் காதெல்லாம் சிவந்து தெரிந்தது. கதவைச் சாத்தாமலே போய்விட்டான். ஞானபாக்கியம் அம்மாள் மகன் கட்டிலுக்கு அருகில் போய், கட்டுப் போட்ட முகத்தில் அடிக்க முடியாமல், தோளில் ஒன்று வைத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, கேட்டுக்கிட்டு இருந்தவ அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லல என்று அவளையும் ஒரு பாட்டம் தீர்த்தாள். எப்சிபா வாங்கிக்கொண்டாள்.

விஷயம் திங்கட்கிழமைக்குள் தென்காசி தாண்டிப் பண்பொழி வரை போய்விட்டது. அத்தானும் மச்சினனும் பேசிவைத்து ஆடியவர்கள் என்று கமிட்டி இரண்டு பேரையும் லீக்கிலிருந்தே நீக்கியது. துல்கர்னைன் பாய் ஸ்டேட்டஸை அழித்தார், ஜெஸ்வினின் நம்பரையும் அழித்தார். மாலை வாங்கி வந்தவர்கள் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். சிங்கமும் போயிற்று, சட்டையும் போயிற்று.

இரண்டு ஆண்களும் அன்றிலிருந்து எப்சிபாவிடம் பேசவில்லை. நல்லதம்பிக்காவது வாயில் கம்பி இருந்தது. ஜெஸ்வினுக்கு என்ன கேடு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பத்து மாதம் சுமக்கவில்லையே தவிர பெற்ற பிள்ளையாக வளர்த்தவன், அக்கா என்று கூப்பிடாமல் வாசலோடு வந்து அத்தானை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். அதைவிடக் கொடுமை, ஒருவன் தாடையை மற்றவன் உடைத்தும் இவர்கள் இரண்டு பேரும் முன்னைவிட நெருக்கமாகிவிட்டார்கள். இவள் சும்மா இருந்திருந்தால் எப்படியாவது சரியாகியிருக்கும் என்பது அவர்கள் இருவரின் முடிவு. எப்படி என்று கேட்க அவளுக்கு வழியில்லை. பேசினால்தானே கேட்பதற்கு.

இரண்டாவது ஓலை தடையில்லாமல் கடந்து, மூன்றாவது ஓலை ஞாயிறு வந்தது. தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். ஞானபாக்கியம் அம்மாள் தொண்டையைச் செருமினாள். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. எப்சிபாவுக்கு உயிர் போய் வந்தது. அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சாரல் காத்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஜெஸ்வின் கைக்குட்டையால் வாசல் பெஞ்சின் ஈரத்தைத் துடைத்து, அத்தானை உட்கார வைத்துக்கொண்டிருந்தான். இருவரும் அவளைப் பார்த்தார்கள், உடனே பார்க்காததுபோல் இருந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஷாரோன் தோழிகளுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு.

எப்சிபா குடையை விரித்தாள். அவர்கள் எதிரில் போய் நின்றாள்.

“பேசாண்டாம். ரெண்டு பேரும் எத்தன நாள் வேணும்னாலும் பேசாம இருங்க. வீட்டுல கறி எடுத்து வச்சிருக்கேன். சாப்பிட வந்து சேருங்க. ஒருத்தருக்கு மிக்ஸியில அரைச்சுத்தான் தரணும், அதனால சீக்கிரம் வரணும்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். தெருமுனை திரும்பும்போது, பின்னால் லோடு ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.